கணுக்காலில் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

எனக்கும் என் இடது கணுக்காலுக்கும் முப்பத்தாறு வருஷமாக எந்தத் தகராறும் இருந்ததில்லை. அது பாட்டுக்குக் கீழே இருக்கும், நான் பாட்டுக்கு மேலே இருப்பேன். தீபாவளியன்று எண்ணெய் தேய்க்கும்போது மட்டும் ஒரு சம்பிரதாயச் சந்திப்பு. அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட கால், போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் 'சுரீர்' என்றது. இரண்டாவது அடிக்கும் 'சுரீர்'. பத்தாவது அடியில் கொஞ்சம் சமாதானமாகிவிட்டது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பி மாடிப்படி ஏறும்போது மறுபடி ஆரம்பித்தது.

"இடிச்சுக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இல்லை."

"சுளுக்கா?"

"இல்லை."

"பின்ன எதுக்கு வலிக்குது?"

அதைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வரி. எழுத்து மட்டும் சோறு போடாது என்பதால் பகலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவர்களுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. டிரயல் பேலன்ஸில் டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டு டாலி செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். தப்பை அப்புறம் கண்டுபிடித்துக் கொள்ளலாம். கணுக்கால் வலியையும் அந்தத் தலைப்பிலேயே போட்டு நாலு நாள் தள்ளினேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து ஸீட்காரர் பார்த்துவிட்டார். ஆபீஸுக்கு ஒரு ஆஸ்தான வைத்தியர் எல்லா ஊரிலும் உண்டு. எங்களுக்கு இவர்.

"என்ன ஸார், விந்தி விந்தி வர்றீங்க?"

"கணுக்கால் வலிக்குது ஸார்."

"யூரிக் ஆசிட்!" என்றார். கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பக்கூட இல்லை. "கௌட்னு சொல்வாங்க. ராஜாக்களுக்கு வர்ற வியாதி."

மாதக் கடைசியில் மனைவியிடம் பெட்ரோலுக்குப் பணம் வாங்குகிறவனுக்கு ராஜ வியாதி என்றதும், ஒத்துக்கொள்கிறேன், ஒரு விநாடி பெருமையாகத்தான் இருந்தது. அவர் மேஜை டிராயரைத் திறந்து மாத்திரைப் பட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டப்புறம். என் மச்சான் போட்டுக்கிட்டது. கேட்டா மெடிக்கல் ஷாப்லயே தருவாங்க."

போட்டுக்கொண்டேன். என்ன ஆச்சரியம்! அன்று ராத்திரியே வலி பாதியாகக் குறைந்துவிட்டது. வலி மாத்திரை போட்டால் வலி குறையத்தானே செய்யும், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் ஆபீஸ் பக்கத்து லேபில் யூரிக் ஆசிட் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். "கிட்னிக்கும் சேர்த்துப் பார்த்துடலாமா ஸார்? காம்போல வரும், கொஞ்சம்தான் கூட ஆகும்" என்றாள் அந்தப் பெண். "வேண்டாம்மா" என்று சொல்லி மிச்சம் பிடித்தேன். இந்த மிச்சத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பிற்பாடு வரும்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. யூரிக் ஆசிட் 7.8. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'அதிகம்'. ஆண்களுக்கு 7 வரை இருக்கலாம் என்று கீழேயே போட்டிருந்தது.

"நான் சொல்லலை?" என்றார் பக்கத்து ஸீட்காரர். வலி ஒரு பக்கம், அதிகப்படியான யூரிக் ஆசிட் மறு பக்கம். டிரயல் பேலன்ஸ் டாலி! ஆபீஸ் மொத்தமும் என் காலைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதுவரை ஒருத்தர்கூட என் காலைக் குனிந்து பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து வந்தது பத்தியம். யூரிக் ஆசிட்டுக்கு ஆகாதவை என்று நண்பர்கள் ஆளுக்கு ஒரு பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பருப்பு கூடாது. தக்காளி கூடாது. கீரை கூடாது. பட்டாணி, காளான், காலிஃபிளவர் கூடவே கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பருப்பு இல்லாம சாம்பார், தக்காளி இல்லாம ரசம். நேரா வெந்நீர் வைன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

இரண்டு வாரம் மோர் சாதமும் சுட்ட அப்பளமுமாக ஓடியது. வலியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாத்திரை போட்டால் படுத்துக்கொள்ளும், போடாவிட்டால் எழுந்துகொள்ளும்.

இதற்கிடையில் செய்தி தாராபுரம் வரை போய், மாமனார் போன் பண்ணினார். அவருக்கு அசல் கௌட் உண்டு. எட்டு வருஷ அனுபவஸ்தர்.

"வாங்க மாப்பிள்ளை, நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களாமா! எங்கே வலி? பெருவிரலா?"

"இல்லீங்க மாமா, கணுக்கால்."

"அங்கயும் வருமுங்க. ராத்திரியில வந்துச்சா?"

"காலைல எந்திரிச்சப்ப."

"செவந்து போச்சா? தொட்டா நெருப்பாட்டம் சுட்டுச்சா?"

"அப்படி ஒண்ணும் தெரியலை மாமா."

"கால் மேல போர்வை படலாமுங்களா?"

"படலாமே. நல்லா இழுத்துப் போத்திட்டுத்தான் தூங்கறேன்."

மறுமுனையில் சற்று நேரம் மௌனம். "அப்ப நீங்க எங்க கட்சி இல்லைங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

பிறகு தன் கதையைச் சொன்னார். ஒரு கல்யாண வீட்டு விருந்து முடிந்து நன்றாகத்தான் படுத்திருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ பெருவிரலைப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் பிடித்த மாதிரி ஒரு வலி. விடிவதற்குள் விரல் தக்காளிப் பழமாகச் சிவந்து பளபளவென்று வீங்கிவிட்டது. வேட்டி முனை பட்டாலும் உயிர் போகிறது, ஃபேன் காற்று பட்டாலும் உயிர் போகிறது. பத்தே நாளில் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து மறுபடி அதே கச்சேரி.

"இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. வலி உச்சத்துல இருந்தப்ப ரத்தம் பார்த்தாங்க. யூரிக் ஆசிட் 5.8. நார்மல்னுட்டாங்க! வலியெல்லாம் போய் ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா 8.9. அது ஆட்டம் காட்டுமுங்க. நம்பரை நம்பாதீங்க."

எனக்குச் 'சொரேர்' என்றது. அவருக்கு நம்பர் சரியாக இருந்து வியாதி இருந்திருக்கிறது. எனக்கு நம்பர் அதிகமாக இருக்கிறது. அப்படியானால் வியாதி இருக்கிறதா, இல்லையா?

அன்று ராத்திரி தூக்கம் வராமல், கௌட்டின் பூர்வோத்திரங்களை உட்கார்ந்து படித்தேன். பெரிய வம்சம்தான். தாமஸ் ஸைடன்ஹாம் என்று இங்கிலாந்தில் ஒரு டாக்டர். அவருக்கே கௌட். 1683-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சௌக்கியமாகப் படுக்கப்போன ஆள் ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் விழித்துக்கொள்வதையும், போர்வையின் பாரம்கூடத் தாங்க முடியாமல் தவிப்பதையும், அறையில் யாராவது அதிர நடந்தால்கூடத் துடிப்பதையும் அதில் விவரித்திருக்கிறார். என் மாமனார் ஸைடன்ஹாமைப் படித்ததில்லை. ஆனால் வாக்குமூலம் மணிக்கணக்கு உள்பட அப்படியே ஒத்துப்போகிறது! 1799-ல் ஜேம்ஸ் கில்ரே என்ற கார்ட்டூனிஸ்ட், வீங்கின காலில் ஒரு குட்டிச் சாத்தான் பல்லைப் பதிக்கிற மாதிரி ஒரு படம் போட்டிருக்கிறார். பார்த்தாலே நமக்கு வலிக்கும்.

கௌட்காரர்கள் ரத்தத்தில் யூரிக் ஆசிட் இருக்கிறது என்பதை 1848-ல் ஆல்ஃபிரட் காராட் என்ற லண்டன் டாக்டர் காட்டினார். ஆனால் அதிலிருந்து ஒருவருக்கு கௌட்தான் என்று அடித்துச் சொல்ல ஒரு வழி கிடைக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 1961-ல் மெக்கார்ட்டி, ஹொலாண்டர் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், வீங்கின மூட்டுக்குள்ளிருந்து ஊசியால் நீரை எடுத்து, ஒரு விசேஷ ஒளியில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தார்கள். ஊசி ஊசியாக யூரேட் படிகங்கள்! அவைதான் மூட்டைக் குத்திக் கிளறுகிற குற்றவாளிகள். இன்றைக்கும் உறுதியான சாட்சி அதுதான்.

ஆகக்கூடி ரத்தத்தில் இருப்பது சந்தேகம். மூட்டில் இருப்பதுதான் ருசு.

இவ்வளவு படித்துவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? டாக்டரிடம் போயிருக்க வேண்டும். என்ன செய்தேன்? ஆடிட் சீஸன் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பட்டை மாத்திரை வாங்கி வந்தேன். மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.

ராத்திரிச் சாப்பாடு முடித்து மாத்திரையைப் பிரிக்கிறேன். பட்டை 'சரக்' என்று சத்தம் போட்டது. முற்றத்து ஓரம் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கப்பாவும் இப்படித்தான்டா. சாப்பிட்டு முடிச்சதும் இந்தச் சத்தம் கேக்கும்" என்றாள்.

வேறொன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. கிளார்க் உத்தியோகம், தினம் சைக்கிளில் பதினாலு கிலோமீட்டர். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். "ஒண்ணு போட்டா சரியாயிடும்" என்பார். ஒன்று போட்டால் சரியாகத்தான் ஆனது. எட்டு வருஷம் அப்படிச் சரியானது. ஒன்பதாம் வருஷம் முகம் வீங்க ஆரம்பித்தது. 'கிரியாட்டினின்' என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான். அதன் பிறகு வாரம் இரண்டு நாள் டயாலிஸிஸ், இரண்டு வருஷம். முழங்கால் கடைசிவரை வலித்துக்கொண்டுதான் இருந்தது.

கையிலிருந்த மாத்திரையைப் பட்டையோடு மேஜை மேல் வைத்தேன். மறுநாள் ஆபீஸுக்கு லீவு.

எங்கள் ஏரியாவில் ஒரு பழைய டாக்டர் இருக்கிறார். எழுபது வயசு இருக்கும். நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"அது இருக்கட்டும். செருப்பைக் கழட்டுங்க."

கழற்றினேன். காலைப் பார்ப்பார் என்று நினைத்தால், செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்! எனக்குக் கூச்சமாகிவிட்டது. ரப்பர் செருப்பு, இரண்டு வருஷப் பழசு.

"உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க" என்றார். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டு வந்து தரையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். கிருஷ்ண ஜயந்திக்கு வாசலிலிருந்து பூஜையறை வரை மாக்கோலத்தில் குட்டிப் பாதம் போடுவார்களே, நடுவில் ஒட்டி வளைந்து அழகாக இருக்குமே, நல்ல பாதம் என்றால் கிட்டத்தட்ட அந்த மாதிரி பதிய வேண்டுமாம். என்னுடையது செங்கல் வைத்து எடுத்த மாதிரி முழுசாகப் பதிந்திருந்தது. தட்டைப் பாதம்.

அப்புறம்தான் கணுக்காலைத் தொட்டார். மூட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். வலிக்கவில்லை. உள்பக்கக் கணு எலும்புக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "ஐயோ!" என்றேன்.

"இடது கால்ல மட்டும் நின்னு குதிகாலைத் தூக்குங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு பரதநாட்டியம் ஆடிப் பார்த்தேன். வலது காலில் முடிந்தது. இடது காலில் அரை அங்குலம்கூட எழும்பவில்லை. வலி பிடுங்கியது.

"எப்பலேருந்து நடைப்பயிற்சி?"

அவருக்கு எப்படித் தெரிந்தது? மே மாதம் எனக்கு பி.பி. இருக்கிறது என்று கண்டுபிடித்து, வேறொரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, தினம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. முதல் வாரத்திலேயே தினம் பத்தாயிரம் அடி. அதே ரப்பர் செருப்பில்.

"அதான். உள்பக்கப் பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கிறதுக்கு ஒரு தசைநாண் இருக்கு. தசையை எலும்போட கட்டியிருக்கற கயிறு மாதிரி. தட்டைப் பாதக்காரங்க திடீர்னு நிறைய நடந்தா அது புண்ணாயிடும். மூட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல. மூட்டுல வீக்கம் இல்லாததால ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கற வேலையும் இல்ல."

"அப்ப யூரிக் ஆசிட் 7.8, டாக்டர்?"

"பி.பி. மாத்திரைப் பட்டையைக் கொடுங்க."

கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தார். "டெல்மிசார்ட்டன்... கூட ஹைட்ரோகுளோரோதயாசைடு. இது நீர் பிரிய வைக்கிற மருந்து. யூரிக் ஆசிட் வெளியே போறதை இது குறைக்கும். ரத்தத்துல ஏறும்."

நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கால் வலிக்கு ஒரு காரணம், யூரிக் ஆசிட் ஏறினதுக்கு வேறொரு காரணம். இரண்டும் ஒரே சமயத்தில் வந்து பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. கல்லூரியில் 'காம்பன்ஸேட்டிங் எர்ரர்' என்று படித்தது ஞாபகம் வந்தது. இரண்டு தனித்தனித் தப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் டிரயல் பேலன்ஸ் டாலியாகிவிடும். டாலியானதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் பத்துக்கு எட்டு மார்க் வாங்கியவன் நான்!

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நம் உடம்பின் செல்களிலும் சாப்பாட்டிலும் இருக்கிற ப்யூரின் என்ற பொருள் சிதைந்து யூரிக் ஆசிட் ஆகிறது. மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது, மிச்சம் குடல் வழியாகப் போகிறது. டெஸிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது கரையாமல் படிகமாக ஆரம்பிக்கலாம். காபி டம்ளரில் சர்க்கரை அதிகமானால் அடியில் தங்குவது மாதிரி. 'ஆரம்பிக்கலாம்' என்பதுதான் முக்கியம். யூரிக் ஆசிட் அதிகமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை கௌட் வருவதேயில்லை.

"கௌட்டா இல்லையான்னு சந்தேகம் வந்தா, முதல்ல வலியோட ஜாதகத்தைக் கேக்கணும். சில மணி நேரத்துல உச்சத்துக்குப் போச்சா? ராத்திரியிலயா? சிவந்து, சூடாகி, தொட முடியாம வீங்குச்சா? ஒண்ணு ரெண்டு வாரத்துல முழுசா சரியாகி, அப்புறம் திரும்பி வந்துச்சா? பெருவிரல்ல ஆரம்பிச்சுதா? கணுக்கால், முழங்கால்லயும் வரும், ஆனா இதே மாதிரிதான் வரும். உங்களுக்கு இதுல ஒண்ணாவது இருக்கா?"

இல்லை. மாமனார் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாரே!

"ஒரே ஒரு விஷயம். மூட்டு சிவந்து, சூடா வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்துச்சுன்னா, கௌட்டா இல்லையான்னு வீட்ல உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்தக் கூடாது. மூட்டுக்குள்ள கிருமி போயிருக்கலாம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். நாள் கடத்தினா மூட்டே போயிடும்."

பத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். அமெரிக்காவில் 47,000-க்கு மேற்பட்ட ஆண்களை 12 வருஷம் கவனித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்களாம். இறைச்சியும் மீன் வகைகளும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு கௌட் அதிகமாக வந்திருக்கிறது. ப்யூரின் உள்ள காய்கறிகளால் அப்படி அதிகமாகவில்லை. கொழுப்பு குறைந்த பால், தயிர் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்திருக்கிறது. அதே ஆட்களை வைத்துப் பார்த்த இன்னொரு கணக்கில், பீர் குடிப்பவர்கள் நன்றாகவே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பீரை விடாமல் திங்கட்கிழமை பருப்பை விடுகிற நண்பர்கள் கணக்கைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

எழுந்திருக்கப் போனேன். "உட்காருங்க. வலிக்கு என்ன மாத்திரை போட்டீங்க?" என்றார். பட்டையைக் காட்டினேன். "எத்தனை நாளா?"

"மூணு வாரம். தினம் ரெண்டு."

முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நீங்க போடற பி.பி. மாத்திரைல ரெண்டு மருந்து இருக்கு. அதோட இந்த வலி மாத்திரை மூணாவதா சேர்ந்தா, கிட்னிக்குப் போற ரத்த ஓட்டம் மூணு பக்கமும் அடி வாங்குது. வீட்ல யாருக்காவது கிட்னி தொந்தரவு உண்டா?"

"அப்பாவுக்கு" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

லேபில் கொஞ்சம் காசை மிச்சம் பிடித்தேனே, அந்த டெஸ்டுக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். கிரியாட்டினின் 1.6. இருக்க வேண்டியதைவிட அதிகம். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் வலிக்கிறதா என்றுகூட அப்போது கவனிக்கவில்லை.

வலி மாத்திரை அன்றோடு நின்றது. பி.பி. மாத்திரையை டாக்டரே மாற்றி எழுதினார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னொரு முட்டாள்தனம்.) உள்ளே வளைவு வைத்த ஷூ, ஐஸ் ஒத்தடம், மூன்று வாரம் நடைக்கு விடுமுறை, அப்புறம் காலுக்குப் பயிற்சி. பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தோம். கிரியாட்டினின் 1.1. அன்றைக்கு ராத்திரி வீட்டில் பருப்பும் தக்காளியும் போட்டு முழு சாம்பார். அம்மா ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஒரு வார்த்தை இருக்கும் இடம் மட்டும் தெரியும். பார்த்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து யூரிக் ஆசிட் 6.4. அதைக் கேட்டுப் பக்கத்து ஸீட்காரர், "பார்த்தீங்களா, பருப்பை நிறுத்தினது வேலை செஞ்சுருக்கு!" என்றார். சில பேரை எந்த ஆடிட்டராலும் திருத்த முடியாது.

மாமனாருக்கு போன் போட்டுக் கட்சியில் சேர முடியாததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவருக்கு வலி வந்தால் டாக்டர் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று கோல்ச்சிசின். அந்தச் சரக்கு எதில் இருக்கிறது தெரியுமா? நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில்! மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் அதை விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். "அப்ப மாத்திரை எதுக்குங்க, கிழங்கையே பிடுங்கி அரைச்சுக் குடிச்சுட்டா?" என்று ஊரில் ஒருத்தர் கேட்டாராம். குடித்தால் வலி மட்டுமல்ல, ஆளும் போய்விடுவார். கிழங்கு கடும் விஷம். எந்த அளவில் மருந்து, எந்த அளவில் விஷம் என்பதை மேஜை டிராயரிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் சொல்ல முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையில் எழுந்து நிற்கும்போது அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன். இதற்கு முன்னாலும் அப்படித்தான் எழுந்திருப்பாள் போலிருக்கிறது. நான் பார்த்ததில்லை.

"எங்கம்மா வலிக்குது?"

"ஒண்ணுமில்லடா. வயசாச்சு, எல்லாருக்கும் வர்றதுதானே. வாதம்."

"எவ்வளவு நாளா?"

"அது ஆச்சு, அப்பா இருக்கும்போதுலேருந்து. நாலைஞ்சு வருஷம்."

தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள். "சீ, என்னடா இது, எந்திரி. காலைப் போய்ப் பிடிச்சுக்கிட்டு!" நான் விடவில்லை. பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், போகும்போது புதுச் செருப்பைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பழசைத்தான் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

"டாக்டர் வீட்டுக்குப் போறப்ப தேஞ்ச செருப்பா? நாலு பேர் என்னடா நினைப்பாங்க?" என்கிறாள்.